முந்தி விழுந்த அடி

மேளம் ஏன் முந்துகிறது?

பச்சை வாழைக்காயைத் துருவிக்கொண்டே லூமி இதைத்தான் யோசித்தாள். சனிக்கிழமை காலை. கார்லன் இல்லம் என்ற சமூக நிலையத்தின் தரைத்தளச் சமையலறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. மற்ற நாட்களில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற அதே அடுப்பில் இன்று சாயங்கால விழாவுக்குப் பச்சைத் துவரை போட்ட சோறு வெந்துகொண்டிருந்தது. துருவிய வாழைக்காயைப் பன்றிக்கறியோடு வாழையிலையில் மடித்து நூல் கட்ட வேண்டும். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் மேளத்தையே சுற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவர்கள் ஆடப்போகிற பொம்பா ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஆடுகிறவள் மேளத்துக்கு ஆடமாட்டாள். மேளம்தான் அவளுக்கு அடிக்க வேண்டும். பெரிய மேளங்கள் இரண்டும் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு தரை மாதிரிக் கிடக்கும். சின்ன மேளத்தை வைத்திருப்பவருக்குத்தான் வேலை. ஆடுகிறவளின் தோளையும் காலையும் பாவாடை நுனியையும் அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் தோளை ஒரு வெட்டு வெட்டினால் அதற்கு ஓர் அடி. பாவாடையை வீசினால் அதற்கு ஓர் அடி. அசைவு முதலில், அடி பிறகு. நடுவில் இமை தட்டும் நேரம்தான் இருக்கும். ஆனால் அந்த வரிசை மட்டும் மாறக் கூடாது. மாறினால் என்ன ஆட்டம் ஆடினாலும் ருசி இருக்காது.

லூமி ஆடும்போது அந்த வரிசை மாறிவிடுகிறது. தோள் அசைவதற்கு முன்பே அடி விழுந்துவிடுகிறது. 'சீக்கிரம் ஆடி முடி, இடத்தைக் காலி பண்ணு' என்று யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது.

அவளுடைய தங்கை நெரெய்டா ஆடும்போது அப்படி இல்லை. அசைவுக்குப் பின்னால் அடி, சட்டைத் துளைக்குள் பொத்தான் போவது போல, ஒவ்வொரு முறையும் பிசகாமல் போய் உட்காருகிறது.

இரண்டு பேருக்கும் அடிப்பவர் ஒரே ஆள்தான். எலாதியோ. லூமியின் கணவர்.

அடுப்பு சரியாக எரியவில்லை என்றால் லூமி உடனே ஆளைக் கூப்பிடமாட்டாள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பாள். இதையும் அப்படித்தான் பார்த்தாள். தங்கையின் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆடினாள். மேளம் முந்தியது. தங்கை நிற்கும் இடத்தில் நின்று ஆடினாள். முந்தியது. தாளத்தை மெதுவானதாக மாற்றச் சொன்னாள். அப்போதும் முந்தியது. பாவாடையில் இல்லை, இடத்தில் இல்லை, தாளத்தில் இல்லை. அப்படியானால் கோளாறு அடிக்கிறவரின் மனசில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவள் வந்திருந்தாள்.

அவளுக்குச் சாட்சியும் இருந்தது. நெரெய்டா சொந்த ஊரான குவாயாமாவில் புருஷனை விட்டுவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு நியூயார்க் வந்து இறங்கிய அன்றைக்கு, பஸ் டிப்போவில் பிரேக் பழுதுபார்த்துவிட்டு அலுத்து வந்த எலாதியோ, சட்டையைக்கூட மாற்றாமல் அவள் படுக்கும் சோபா பக்கத்தில் மின்விசிறி மாட்டிக் கொடுத்தார். படுக்கையறை விசிறியைச் சரிபண்ணச் சொல்லி லூமி கேட்டது எந்தக் காலத்திலோ. பேக்கரியிலிருந்து கொய்யாப்பழ ரொட்டி வாங்கினால் இப்போது சீஸ் வைத்ததும் வருகிறது, வைக்காததும் வருகிறது. சீஸ் நெரெய்டாவுக்குப் பிடிக்கும்.

போதாததற்கு வியாழக்கிழமை இன்னொன்று நடந்தது. இல்லத்தின் கலை நிகழ்ச்சிகளையெல்லாம் கவனித்துக்கொள்ளும் மிஸ் பின்ஸ்கர் சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, இந்த வருஷம் கடைசி ஆட்டத்தை நெரெய்டா ஆடினால் என்ன என்று கேட்டார். சும்மா ஒரு மாறுதலுக்காம். விழாவின் கடைசி ஆட்டம் லூமியுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அவென்யூ சி தெரு முழுக்கத் தெரியும். லூமி குழாயைத் திறந்துவிட்டுச் சட்டியைக் கழுவினாள்.

இன்று மத்தியானம் ஒத்திகை. அதில் மேளம் சரியாக விழுந்தால் கடைசி ஆட்டத்தை அவள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. விழாவிட்டால், கேட்க அவளுக்கு வாய் இருக்காது.

*

நிலவறையில்தான் விளையாட்டுக் கூடம். அங்கேதான் விழாவும். கூடைப்பந்து வளையங்களை மேலே ஏற்றிக் கட்டி, மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். இரண்டாவது மாடியில் சீனத்துப் பெரியவர்களின் பாட்டுக் குழு பயிற்சி செய்யும் சத்தம் வெந்நீர்க் குழாய் வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. மிஸ் பின்ஸ்கர் ஏணியில் நின்று திரையின் ஓரத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

லூமி முதலில் ஆடினாள். முதல் தோளுக்கே அடி முந்தியது. இரண்டாவதுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி முடித்தாள். மேளத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, சுவரோரம் நின்று ஏப்ரனால் கழுத்தைத் துடைத்தாள்.  

அடுத்து நெரெய்டா வந்தாள். வட்டத்தை ஒரு சுற்று நடந்தாள். மேளத்தின் முன்னால் வந்து தலையைத் தாழ்த்திக் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டால் அந்த மேளம் அவளுடையது. ஆடி முடித்து அவள் மறுபடியும் கும்பிடும் வரைக்கும் வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. இந்த ஒரு சட்டத்தை நடக்கப் பழகும் பிள்ளைக்கும் முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

நெரெய்டா தோளை வெட்டினாள். அடி பின்னால் விழுந்தது. பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, வீசுவது போலப் போய் வீசாமல் நிறுத்தினாள். எலாதியோவின் கையும் அந்தரத்தில் நின்றது. பிறகு வீசினாள். படாரென்று விழுந்தது. பெரிய மேளம் அடிக்கிற இருவரும் சிரித்துவிட்டார்கள். எலாதியோவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை லூமியால் தாங்க முடியவில்லை.

ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டதுகூட அவளுக்கு நினைவில்லை. நேரே வட்டத்துக்குள் நடந்தாள். தங்கைக்கும் மேளத்துக்கும் நடுவில் போய் நின்றாள். தலையைத் தாழ்த்திக் கும்பிட்டாள்.

அடுத்தவள் தட்டில் கை வைத்து எடுத்துத் தின்பது போன்ற காரியம் அது. எலாதியோவின் கை தோலின் மேலேயே படிந்து நின்றுவிட்டது. பெரிய மேளங்கள் தாளத்தைக் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்துவிட்டு அவையும் ஓய்ந்தன. மாடியிலிருந்து வந்த சீனப் பாட்டு மட்டும் மிச்சம் இருந்தது.

"லூமி, நெரெய்டா இன்னும் கும்பிடல," என்றார் எலாதியோ.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதுதான் மோசம். லூமி நகரவில்லை. நெரெய்டாதான் பாவாடையை விட்டுவிட்டு, மேளத்தைக் கும்பிடாமலேயே பின்னால் நகர்ந்து மாடிப்படிப் பக்கம் போனாள்.

எலாதியோ மேளத்தைக் கால்களுக்கு நடுவிலிருந்து எடுத்துச் சாய்த்து வைத்தார். "சாயங்காலம் கடைசி ஆட்டம் நெரெய்டாவோடது," என்றார். ஏணியின் மேலிருந்த மிஸ் பின்ஸ்கரைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார், ஆனால் யாருக்குச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

*

நெரெய்டா படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். லூமி சமையலறைக்குப் போக அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தாள். தங்கை காலை நீட்டி வழியை மறித்தாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின?"

"தோணுச்சு, பண்ணினேன்."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"என் புருஷன் மேளத்தை நான் உன்கிட்ட கேட்டு வாங்கணுமா?"

நெரெய்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அழ வேண்டிய இடத்தில் சிரிக்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. விட்டுவந்த புருஷன் ஃபெர்மின் தினமும் போன் பண்ணிக் கெஞ்சுகிறான், அவனை எப்படித் தட்டிக் கழிப்பது என்றே தெரியாமல் தவிக்கிறேன், இதில் அக்காவின் புருஷன் வேறு வேண்டுமா என்று கேட்டாள். சோபாவில் படுத்துப் படுத்து முதுகு போய்விட்டது, வேறு இடம் கிடைத்தால் நாளைக்கே போய்விடுகிறேன் என்றாள்.

லூமி அசையவில்லை. "நீ ஆடினா மட்டும் அடி ஒழுங்கா விழுதே, அது எப்படி?"

"அதை அத்தான்கிட்ட கேளு. நான் ஆடுறப்போ அவரு மூஞ்சியப் பாத்திருக்கியா? பரீட்சை எழுதற பையன் மாதிரி வேர்த்துப்போய் உக்காந்திருக்காரு. நீ ஆடுறப்போ தூங்குறாரு."

"தூங்குறாரா?"

"கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான். ஆனா தூக்கம்தான்."

லூமிக்குக் காது மடல் சுட்டது. கணவர் தன்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்க்கிறார் என்று இதுவரைக்கும் அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது தங்கையே வாயால் சொல்லிவிட்டாள். அவள் நெரெய்டாவின் காலைத் தாண்டி ஏறினாள். சமையலறையில் நிற்கவில்லை. மூன்றாவது மாடி வரைக்கும் ஏறினாள். வலது முழங்கால் மூட்டு ஒவ்வொரு படிக்கும் கத்தியது.

*

மூன்றாவது மாடியில் வீடியோ வகுப்பு நடக்கும் அறை. லூமியின் மகள் யாதிரா அங்கேதான் பள்ளி விட்டதும் அடைந்து கிடப்பாள். இல்லத்தின் ஒத்திகை, விழா எல்லாவற்றையும் கேமராவில் பிடித்து வைப்பது அவள் வேலை. அன்றைக்கு மத்தியான ஒத்திகையையும் மூலையில் நின்று பிடித்திருந்தாள். அம்மா உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். 

இன்றைய ஒத்திகையைக் காட்டு என்றாள் லூமி. அதுவும் மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். உங்கப்பா எங்கே பார்க்கிறார் என்று தெரிய வேண்டும்.

"என்னம்மா, போலீஸ் விசாரணையா?"

"போடுடி."

அந்த இயந்திரத்தில் ஒரு வட்டத் திருகு இருந்தது. அதைக் கொஞ்சம் திருப்பினால் காட்சி ஒரே ஒரு படம் மட்டும் நகரும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இன்னொன்று. பின்னாலும் திருப்பலாம். கண்ணால் பிடிக்க முடியாத நேரத்தை விரலால் பிடித்துக் கூறுபோட்டுப் பார்க்கலாம். வேறொரு நாளாக இருந்தால் லூமி அந்தத் திருகையே ஆசையாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதலில் நெரெய்டா. அவள் தோள் ஏறுகிறது. எலாதியோவின் கண் அவள் தோளில் இருக்கிறது. அடுத்த படம், அதற்கடுத்த படம், அப்புறம் கை இறங்குகிறது. சரிதான்.

பிறகு லூமி. எலாதியோவின் கண் எங்கே? லூமி திரைக்குள்ளேயே போய்விடுவது போலக் குனிந்தாள். சுவரோரம் நின்ற நெரெய்டாவின் மேல் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அங்கே இல்லை. அவர் கண் மேலே கட்டியிருந்த கூடைப்பந்து வளையத்தின் மேல் இருந்தது. உதட்டில் லேசான சிரிப்பு. கை இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் லூமியின் தோள் ஏறுகிறது.

"சித்தியப் பாக்கலையே," என்றாள் யாதிரா.

"என்னையும் பாக்கல."

அது லூமிக்குப் போதவில்லை. தங்கை வருவதற்கு முன்னால் இவர் தன்னைப் பார்த்துத்தான் அடித்தார் என்று நிரூபித்தாக வேண்டும். அப்போதுதான் பழி சரியான இடத்தில் போய் உட்காரும். போன வருஷ விழாவின் டேப் இருக்கிறதா என்று கேட்டாள். யாதிரா அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டாள்.

போன வருஷமும் எலாதியோ வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதே சிரிப்பு. ஆனால் லூமியின் தோள் ஏறியது, அதன் பின்னால் அவர் கை விழுந்தது. பொத்தானும் துளையும்.

யாதிரா இரண்டு டேப்பையும் மாற்றி மாற்றிப் போட்டாள். மேளத்தைக் கும்பிடுவதிலிருந்து முதல் அடி வரைக்கும் படங்களை எண்ணினாள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. இரண்டாவது அடிக்கும் எண்ணினாள். அதுவும் ஒன்றுதான்.

"அப்பா போன வருஷம் எப்படி அடிச்சாரோ அப்படியேதான் அடிக்கிறாரும்மா. நீதான் லேட்டு."

"நானா?"

"காலைப் பாரு."

லூமி காலைப் பார்த்தாள். போன வருஷத்துக்காரி நினைத்த மாத்திரத்தில் தோளை வெட்டினாள். இந்த வருஷத்துக்காரி முதலில் இடது காலைத் தட்டையாகத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் தோளை எடுத்தாள். குளிர்காலத்தில் சலவைக் கடை வாசலில் பனியில் வழுக்கி விழுந்து வலது மூட்டை உடைத்துக்கொண்டிருந்தாள், அதன் மிச்சம் அது. மூட்டு ஆறி அவள் ஒத்திகைக்குத் திரும்பிய அதே வாரத்தில்தான் நெரெய்டாவும் வந்து சேர்ந்தாள். இரண்டு காரியம் சேர்ந்து நடந்ததில், கண்ணுக்கு முன்னால் நடமாடிய காரியத்தின் மேல் பழி விழுந்துவிட்டது.

ஆக, மேளம் முந்தவில்லை. எலாதியோ அவளை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார். எந்த இடத்தில் தோள், எந்த இடத்தில் பாவாடை என்று அவர் கைக்குத் தெரியும். பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

ஒரு மனைவிக்கு இதைக் கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். லூமிக்கு வயிறு எரிந்தது. அவள் திரையில் நின்றிருந்தவளைப் பார்த்தாள். மூட்டு வலி தெரியாதவள். இடுப்பு காற்றாடி மாதிரிச் சுற்றுகிறவள். எலாதியோ இன்னும் அவளுக்குத்தான் அடித்துக்கொண்டிருக்கிறார். தங்கையாக இருந்தால் வேறு வீடு பார்த்து அனுப்பிவிடலாம். இவளை எங்கே அனுப்புவது?

"நிறுத்துடி," என்றாள்.

*

காரணம் தெரிந்துவிட்டால் வைத்தியம் தெரிந்துவிடும் என்பது கிடையாது. வாழையிலைப் பொட்டலங்களைக் கொதிக்கும் தண்ணீரில் இறக்கிக்கொண்டே லூமி ஒவ்வொரு வழியாக யோசித்துப் பார்த்தாள்.

எலாதியோவிடம் சொல்லிவிடலாம். 'என்னைப் பார்த்து அடி' என்று. பார்க்காமலா அடிக்கிறேன் என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்படுவார். முதல் அசைவுக்கு உற்றுப் பார்ப்பார். இரண்டாவதுக்கும் பார்ப்பார். அதற்குள் கை பழைய வழியில் போக ஆரம்பித்துவிடும், கண் வளையத்துக்கு ஏறிவிடும். மனப்பாடத்தைச் சொல்லி அழிக்க முடியாது. தவிரவும், கட்டிய புருஷனிடம் என்னைப் பார் என்று கேட்டு வாங்குவதைவிட ஆடாமலே இருந்துவிடலாம்.

அடுத்த வழி, தான் முந்துவது. போன வருஷத்துக்காரி மாதிரி காலை ஊன்றாமல் தோளை எடுப்பது. அதையும் அடுப்பருகிலேயே செய்து பார்த்தாள். மூட்டு சுருக்கென்று இழுத்தது. சட்டியின் கைப்பிடியைப் பிடித்ததால் விழாமல் தப்பினாள்.

எப்படியானாலும் கடைசி ஆட்டம் இப்போது அவளுடையது இல்லை. வைத்தியம் கிடைத்தாலும் யாருக்குக் காட்டுவது? அந்த நினைப்போடுதான் சாயங்காலம் பாவாடையை மாற்றிக்கொண்டாள். கட்டாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் கட்டினாள்.

*

கூடம் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். சீனப் பாட்டுக் குழு பாடி முடித்து முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தது. மண்பாண்ட வகுப்புக்காரர்கள் தங்கள் கிண்ணங்களைச் சுவரோர மேஜையில் பரப்பி வைத்திருந்தார்கள். அந்தக் கிண்ணங்களிலேயே ஆள் ஆளுக்குச் சோறு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்ததை மிஸ் பின்ஸ்கர் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசிப் பாட்டுக்குப் பெரிய மேளங்கள் தாளத்தைத் தொடங்கின. பாடுகிறவர் முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். கூடமே திரும்பப் பாடியது. நெரெய்டா வெள்ளைப் பாவாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் தயாராக நின்றாள். லூமி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். எதற்கு வந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. கிட்டத்தில் இருந்து பார்த்து இன்னும் நன்றாக வயிறெரியலாம் என்றுதான் இருக்க வேண்டும்.

நெரெய்டாவின் கை பாவாடையை விட்டது.

லூமி அவள் பார்த்த பக்கம் பார்த்தாள். வாசல் கதவில் மழைக்கோட்டு போட்ட ஒல்லியான ஒருவன், கையில் பெட்டியோடு நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தான்.

"அக்கா, ஃபெர்மின் வந்துட்டான்," என்றாள் நெரெய்டா.

அவ்வளவுதான் சொன்னாள். நாற்காலிகளின் ஓரமாகவே நடந்து வாசலுக்குப் போனாள். பயந்து போகிறாளா, ஆசையில் போகிறாளா என்று அந்த நடையை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஃபெர்மின் கதவைத் திறந்து பிடித்தான். அவள் வெளியே போனாள். அவனும் போனான். கதவு இரண்டு முறை ஆடி நின்றது.

லூமியின் மனசில் முதலில் எழுந்தது சந்தோஷம். போகட்டும் என்று இருந்தது. அடுத்த கணமே கூசியது. யாதிராவைத் தேடினாள். கேமராவை முக்காலியிலேயே விட்டுவிட்டு அவள் ஏற்கெனவே வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். சரி, பிள்ளை பார்த்துக்கொள்வாள்.

வட்டம் காலியாக இருந்தது. பெரிய மேளங்கள் தாளத்தைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தன. எலாதியோ சின்ன மேளத்தின் மேல் கையை வைத்தபடி நெரெய்டா நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே லூமி நின்றாள்.

இந்த முறை யாருடைய தட்டிலும் அவள் கை வைக்கவில்லை. உள்ளே நடந்தாள். வட்டத்தை ஒரு சுற்று, அவசரமில்லாமல் சுற்றினாள். மேளத்தின் முன்னால் வந்து கும்பிட்டாள். மத்தியானம் நடந்ததை எலாதியோ மறக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கும்பிட்டால் மேளம் பதில் சொல்லியாக வேண்டும். ஓர் அடி அடித்தார். மேளம் லூமியுடையதானது.

அவர் கண் மேலே ஏறுவதை அவள் பார்த்தாள். வளையத்துக்குப் போய்விட்டது.

முதல் தோள். அடி முந்தியது.

இரண்டாவது தோளுக்கு இடது காலை ஊன்றினாள். வலது மூட்டு சமையலறையில் இழுத்தது போலவே இழுத்தது. தோளை எடுக்க முடியவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். எலாதியோவின் கை மட்டும் பழைய வழியில் இறங்கியது. எதற்கும் இல்லாத ஓர் அடி, வெறும் காற்றில், தனியாக விழுந்தது. தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

எலாதியோவின் கண் வளையத்திலிருந்து இறங்கி அவள் மேல் வந்து நின்றது.

லூமி அதைக் கவனித்தாள். மூட்டின் பிடிப்பு விட்டுவிட்டது, இப்போது நகரலாம். ஆனால் வேண்டுமென்றே நகராமல் இருந்தாள். அவர் உள்ளங்கை தோலுக்கு மேலே தொங்கியது. இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை. நெற்றி சுருங்கியது. பெரிய மேளங்கள் ஒரு சுற்று முடித்தன. அப்போது தோளை வெட்டினாள்.

அடி பின்னால் விழுந்தது.

தற்செயலாக இருக்கலாம். லூமி அதை நம்பிவிடவில்லை. அடுத்ததை நிற்காமல், வழக்கம்போலக் காலை ஊன்றி எடுத்துப் பார்த்தாள். அடி முந்தியது. அதற்கு அடுத்ததை நின்று எடுத்தாள். பின்னால் விழுந்தது. பாவாடைக்கு நின்று பார்த்தாள். பின்னால். நிற்காமல் வீசினாள். முந்தியது. நின்றாள், வீசினாள். பின்னால். மாறியது அந்த ஒன்று மட்டும்தான், வேறு எதுவும் இல்லை.

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நிற்கும்போதெல்லாம் முன்வரிசை விசிறிகளும் நின்றன. எலாதியோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணை அவள் தோளிலிருந்து எடுக்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை புருவத்துக்கு இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அடுத்து இவள் என்ன செய்யப்போகிறாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான் என்று லூமிக்குப் புரிந்தது. காலை ஊன்ற அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். இத்தனை நாளாக அந்த நேரத்தைப் பாவாடைக்குள் மறைத்து, மறைத்ததில் பிந்திக்கொண்டிருந்தாள். அதை மறைக்காமல், ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால், எல்லோரும் பார்க்க, அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இருக்கக் கூடாது. அப்போது எலாதியோ அவளைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தால் அடி பின்னால்தான் விழும்.